கைக்கும் காதுக்கும் தெரிந்த மரம்

கேரளத்தில் விதுராவைத் தாண்டிக் கல்லாறு வந்ததும் பொன்முடிச் சாலை மேலேறத் தொடங்குகிறது. உச்சிக்குப் போய்ச் சேர 22 கொண்டை ஊசி வளைவுகள். கீழே ரப்பர்த் தோட்டம், அதற்கு மேல் பசுமைமாறாக் காடு, இன்னும் மேலே தேயிலை, கடைசியாகச் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் புல்வெளியும் அதன் மடிப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோலைகளும். ரப்பர் அமேசான் படுகையிலிருந்து கப்பலேறி வந்த மரம். தேயிலையும் வெள்ளைக்காரர் காலத்தில் மலைக்கு வந்ததுதான். காடும் புல்லும் மட்டுமே இந்த மலை தானாகப் பெற்றெடுத்தவை. ஆனால் விடுமுறைக்கு வண்டியில் ஏறி வரும் குடும்பத்தின் கண்ணுக்கு இவை எல்லாம் ஒன்றே: பச்சை. பின்னிருக்கையில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் அந்த ஒரே சொல்தான் கிடைக்கிறது. அந்தக் குழந்தை வளர்ந்து, ஒரு காட்டை அழித்து அதே அளவு பச்சையை வேறிடத்தில் நட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அதில் என்ன இழப்பு என்று கேட்கத் தெரியாத குடிமகனாக இருக்கும். ஒரு மரத்தை இன்னொரு மரத்திலிருந்து பிரித்துப் பார்க்கும் கண் சிறுவயதிலேயே திறக்க வேண்டும். அதைத் திறப்பவை கைவேலையும் கதையும்தான். இன்று அவற்றைப் பாடம் முடிந்த பிறகு மிச்ச நேரத்தில் வைக்கிறோம். அவற்றை முதலில் வைத்துப் பாடத்தை அவற்றின்மேல் கட்ட வேண்டும் என்பதே இங்கே முன்வைக்கும் வாதம்.

பிரித்தறியத் தெரியாததன் விலை என்ன என்பதற்கு வயநாட்டைப் பார்த்தால் போதும். 1980-களில் அழகுக்காகவும் நிழலுக்காகவும் அங்கே சாலையோரங்களில் மஞ்சள் கொன்றை எனப்படும் அயல்நாட்டு மரம் நடப்பட்டது. பார்வைக்கு விஷுக்கணியில் வைக்கும் நம் சரக்கொன்றை போலவே மஞ்சளாகப் பூக்கும். பார்த்தவர்கள் கொன்றை என்றே மகிழ்ந்தார்கள். நாற்பது ஆண்டுகளில் அது வயநாடு வனவிலங்குச் சரணாலயத்தின் பெரும் பரப்பை மூடிவிட்டது. அதன் அடியில் புல்லும் உள்ளூர் நாற்றும் எழவில்லை. மானுக்கும் காட்டெருதுக்கும் மேய்ச்சல் குறைந்தது. எல்லை தாண்டி முதுமலையிலும் பரவி, இப்போது வெட்டி அகற்றப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நுணுக்கமானதல்ல. சரக்கொன்றையின் பூங்கொத்து பெயருக்கேற்பச் சரமாகக் கீழே தொங்கும். மஞ்சள் கொன்றையின் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். சரக்கொன்றையின் காய் முழங்கையளவு நீண்ட தடித்த குழல். மற்றதன் காய் குட்டை, மெலிவு. மஞ்சள் தாளில் கொன்றைப் பூ செய்து, அதை நூலில் கோத்துத் தொங்கவிட்டுப் பார்த்த ஏழு வயதுக் குழந்தைக்கு, நிமிர்ந்து நிற்கும் மஞ்சளைக் கண்டதும் ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றும். படத்தில் வண்ணம் தீட்டிய குழந்தைக்கு அப்படித் தோன்றாது. அதற்கு மஞ்சள் என்றால் மஞ்சள்.

பொன்முடி நிற்கும் அகத்தியமலைத் தொகுதியில் இந்தப் பிழைக்கு இடமே கொடுக்க முடியாது. 2016-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பக வலையமைப்பில் சேர்க்கப்பட்ட இந்த 3,500 சதுர கிலோமீட்டரில் 2,254 வகை உயர்தாவரங்கள் கணக்கிடப்பட்டுள்ளன. அவற்றில் சுமார் 400 இந்த நிலத்துக்கே உரியவை. வாமனபுரம் ஆறும் கரமனை ஆறும் இந்த மலைகளில் பிறக்கின்றன. கரமனையாற்றில் கட்டிய பேப்பாறை அணையின் நீரைத்தான் திருவனந்தபுரம் குடிக்கிறது. மலையின் மறுபக்கம் நம் பொதிகை, அதன் நீர் தாமிரபரணி. செங்குறிஞ்சி என்ற ஒரு மரம் இந்தத் தெற்கு மூலையை விட்டு வேறெங்கும் வளர்வதில்லை. அதன் பெயரில்தான் 1984-இல் செந்துருணி சரணாலயம் அமைந்தது. நெல்லை, குமரி மாவட்டக் குழந்தைகளுக்கும் நெடுமங்காட்டுக் குழந்தைகளுக்கும் பொதுவான சொத்து இந்த மரங்கள்.

குழந்தைகளை நேரே காட்டுக்குள் அழைத்துப் போனால் ஆயிற்று, தாளும் களிமண்ணும் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. யானை நடமாட்டமும் மழைக்காலத்தில் கல்லாற்றின் திடீர் வெள்ளமும் ஒருபுறம் இருக்கட்டும். பசுமைமாறாக் காட்டின் அமைப்பே வேறு விதமானது. அங்கே மரத்தின் இலையும் பூவும் காயும் முப்பது மீட்டர் உயரத்தில், ஒன்றோடொன்று பின்னிய கூரையில் இருக்கின்றன. கீழே நிற்பவருக்குத் தெரிவது தண்டு, இருட்டு, ஈரம். வேம்பையும் புளியையும் போல அண்ணாந்து பார்த்து இது இன்ன மரம் என்று சொல்லிவிட முடியாது. காட்டை அறிந்தவர்களும் அப்படி அறிவதில்லை. பட்டையைக் கீறி, உள்ளே சிவப்பா மஞ்சளா என்று பார்க்கிறார்கள், வடிவது பாலா பிசினா என்று தொடுகிறார்கள், முகர்கிறார்கள், காலடியில் விழுந்து கிடக்கும் கனியையும் இதழையும் பொறுக்கிப் பார்க்கிறார்கள். வனத்துறையின் மூத்த காவலரும் இந்த மலையின் பழங்குடியான காணி முதியவரும் தாவரவியல் ஆய்வாளரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே வழியில் நடக்கிறார்கள். ஆக, விழுந்ததைக் கையில் எடுத்து ஏதோ ஒன்று செய்து பார்ப்பது என்பது குழந்தைக்காக நாம் எளிமைப்படுத்திய முறையே அன்று. இந்தக் காட்டை அறியும் முறையே அதுதான். வரிசையாக நிறுத்தி நடக்கவைத்து, பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லி, மாலையில் பேருந்தில் ஏற்றி அனுப்பும் சுற்றுலாவால் குழந்தையின் கையில் ஒன்றும் தங்குவதில்லை.

இத்தனை மரங்களைச் சின்னக் குழந்தையால் நினைவில் வைக்க முடியுமா என்ற ஐயத்துக்கு ஒரு சுவையான ஆய்வு விடை தந்திருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் நண்பர்களும் 2002-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. பிரிட்டனின் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் 109 பேரிடம் இரண்டு வகைப் படச்சீட்டுகளைக் காட்டினார்கள்: ஒன்றில் உள்ளூர் உயிரினங்கள், மற்றதில் போக்கிமான் பாத்திரங்கள். நான்கு வயதில் உயிரினங்களை 32 சதவீதமும் போக்கிமானை 7 சதவீதமும் சரியாகச் சொன்னார்கள். எட்டு வயதில் உயிரினங்கள் 53 சதவீதத்துக்கு ஏறியபோது, போக்கிமான் 78 சதவீதத்துக்குத் தாவியிருந்தது. குழந்தைகள் இயற்கையை மறந்துவிட்டார்கள் என்று புலம்புவதற்காகவே பலரும் இந்த எண்களைச் சொல்வார்கள். அதைவிடப் பயனுள்ள வேறொன்று இதில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களை நுட்பமாகப் பிரித்தறியும் ஆற்றல் எட்டு வயதுக்குள் குழந்தையிடம் முழுமையாக இருக்கிறது என்பதற்கு இது சான்று. அந்தப் பாத்திரங்களை யாரும் அவர்களுக்குப் பாடமாக நடத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருந்தது, ஒரு செயல் இருந்தது, ஒரு கதை இருந்தது; அவை கையில் பிடிக்கும் சீட்டாக, மாற்றிக்கொள்ளும் பொருளாக இருந்தன. இந்த மலையின் நாங்கு மரத்துக்கும் வெடிப்பலாவுக்கும் அதே ஏற்பாட்டை நாம் செய்து கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சமவெளி மரங்களுக்கு நம்மவர்கள் இதைச் செய்திருந்தார்கள். பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய குழந்தைக்கு, ஏன் வேப்பிலையில் அது வராது என்று தெரியும். இலையின் அகலமும் மென்மையும் விரலுக்குப் புரிந்திருந்தன. பனையோலையில் காற்றாடி, பனங்காயில் வண்டி, மாங்கொட்டையைத் தேய்த்து ஊதல், ஆனைக்குன்றிமணியில் பல்லாங்குழி. கேரளத்துக் குழந்தைகள் தென்னோலையில் பந்தும் பாம்பும் கடிகாரமும் முடைந்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன்புவரை தமிழ்நாட்டுக் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பத்திருபது மரங்கள் தெரிந்திருந்தன என்றால் அதற்குக் காரணம் விளையாட்டுச் சாமான். இன்னும் பின்னோக்கிப் போனால் நற்றிணையின் 172-ஆம் பாட்டு இருக்கிறது. சிறுமியர் மணலில் அழுத்தி விளையாடி மறந்துபோன புன்னை விதை முளைக்க, அதைப் பாலும் நெய்யும் விட்டு வளர்க்கிறார்கள். இந்த மரம் உனக்குச் சகோதரி முறை என்று தாய் மகளுக்குச் சொல்லிவைக்கிறாள். வளர்ந்த பிறகு அந்தப் பெண்ணுக்கு அம்மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச நாணமாக இருக்கிறது. ஒரு விளையாட்டும் தாய் சொன்ன ஒரு வாக்கியமும் ஒரு மரத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. அந்தப் புன்னை கடற்கரை மரம். மலையுச்சி மழைக்காட்டு மரங்களுக்குச் சமவெளி மக்களிடம் இப்படிப்பட்ட விளையாட்டோ உறவுமுறையோ இல்லை. காணி மக்களிடம் இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை. அதனால்தான் இதைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

எந்தக் கைவேலையும் போதும் என்று இதற்குப் பொருளில்லை. பள்ளிக் கண்காட்சிகளில் தெர்மோகோலில் பச்சை அட்டையை ஒட்டி நிறுத்தும் 'மரம்' எந்த மரமும் இல்லை. அதைச் செய்து முடித்த குழந்தைக்கு ஒரு மரத்தைப் பற்றியும் கூடுதலாக ஒன்றும் தெரிந்திருக்காது. கைவேலை மரத்தின் ஓர் உண்மையான செயலைச் செய்து பார்ப்பதாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பொன்முடியின் அடிவாரக் காடுகளில் இரண்டு பங்காளி மரங்கள் உண்டு. கொங்கு, மலையாளத்தில் கம்பகம், சிறிய கொட்டைக்கு இரண்டு நீண்ட சிறகு வைத்து அனுப்பும். காற்றில் சுழன்று சுழன்று தள்ளிப்போய் விழும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளைக் குங்கிலிய மரத்தின் கனிக்குச் சிறகில்லை. முட்டையளவு கனம், தாய் மரத்தடியிலேயே பொத்தென்று விழும். தாளில் இரண்டு சிறகு வெட்டி நுனியில் ஓர் உருண்டைக் களிமண் ஒட்டி மாடிப்படியிலிருந்து விடச் சொல்லுங்கள். களிமண்ணைக் கூட்டக் கூட்ட விழும் வேகம் கூடும்; காற்றில் தங்கும் நேரம் குறையும். ஏன் ஒரு தாய் தன் பிள்ளையை வெளியூர் அனுப்புகிறாள், இன்னொருத்தி கட்டுச்சோறு கட்டி வாசலிலேயே வைத்துக்கொள்கிறாள் என்ற கேள்வி தானாக வரும். கனமான விதையில் இருக்கும் உணவு, வெளிச்சம் குறைந்த காட்டுத் தரையில் நாற்று தாக்குப்பிடிப்பதற்கு என்று அப்போது சொன்னால் மறக்காது. கல்லூரியில் விதைப்பரவல் என்று படிக்கப்போவதன் சாரம் மாடிப்படியில் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, மிதப்பதும் மூழ்குவதும். நாங்கு மரத்தின் துண்டு தண்ணீரில் போட்டால் கல் போல அடியில் போய் உட்காரும். ஏழிலைப்பாலையின் துண்டு மிதக்கும். எடையில்லாத அந்த மென்மரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்தார்கள் என்பதாலேயே அதன் அறிவியல் பெயரில் 'ஸ்காலாரிஸ்' என்ற சொல் சேர்ந்தது. இரண்டு துண்டுகளையும் இரண்டு கையில் பிடித்த குழந்தைக்கு மரம் என்ற பொதுச்சொல் அந்த நொடியில் உடைகிறது. குளத்துப்புழைப் பக்கம் காட்டுச் சாதிக்காய்ச் சதுப்பு நிலங்கள் உள்ளன. ஆண்டின் பெரும்பகுதி நீரில் நிற்கும் அந்த மரங்கள் மூச்சுக்காக வேரை முழங்கால் போல வளைத்து வெளியே நீட்டும். ஒரு தட்டில் களிமண்ணால் அதைச் செய்து தண்ணீர் ஊற்றி, எந்த வேர் வெளியே தெரிகிறது என்று பார்ப்பது ஒரு மணி நேர வேலை. ஈற்ற என்று மலையாளத்தில் சொல்லப்படும் நாணல்மூங்கிலைப் பிளந்து கூடை முடையும் கைகள் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிறு தட்டு முடைவது எந்தப் பாடநூல் படத்தையும் விட மேல்.

கதையில் இதைவிடக் கவனம் தேவை. மரம் வாய் திறந்து அழுது, என்னை வெட்டாதே என்று கெஞ்சும் கதைகள் நம்மிடம் மலிந்துவிட்டன. நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தக் கதையில் மரத்தின் இடத்தில் ஒரு பசுவையோ பாட்டியையோ வைத்தாலும் கதை மாறாது; அப்படியானால் அது மரத்தைப் பற்றிய கதை இல்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா கானியா குழுவினர் 2014-இல் பாலர் வகுப்புக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். விலங்குகள் மனிதரைப் போலப் பேசி நடக்கும் படக்கதைகளைக் கேட்ட குழந்தைகள், உள்ளதை உள்ளபடி சொன்ன கதைகளைக் கேட்டவர்களைவிட அந்த விலங்குகளுக்கு மனிதக் குணங்களை அதிகம் ஏற்றிச் சொன்னார்கள். உண்மைகளையும் குறைவாகவே கற்றார்கள். ஆய்வு விலங்குகளைப் பற்றியது என்றாலும், வாயில்லாத மரத்துக்கு வாய் வைக்கும்போது அபாயம் கூடத்தான் செய்யும். உண்மை சுவையற்றது, அதனால் பேச்சு வேண்டும் என்பதும் சரியில்லை. வெடிப்பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். அகத்தியமலையின் கிழக்குச் சரிவில் காக்காச்சியில் டி. கணேஷும் பிரியா தாவிதாரும் 1990-களில் அதை ஆராய்ந்தார்கள். காட்டில் பழம் அருகிப்போகும் காலத்தில் இந்த மரம் பூக்கிறது. பூவுக்கு இதழ்கூட இல்லை; கிளையை ஒட்டிக் கொத்தாக அப்பிக்கொண்டிருக்கும். சிங்கவால் குரங்கும் கருமந்தியும் மலை அணிலும் வௌவாலும் அந்தப் பூவையே தின்ன வருகின்றன. அத்தனை வாய்களுக்கும் பூவைப் பறிகொடுத்த பிறகும் மரம் முள் பந்தாகக் காய்த்து வெடிக்கிறது. பஞ்சம், பசி, விருந்து, இழப்பு, பிழைப்பு என்று ஒரு கதைக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது. பாட்டி சொன்னால் இரவில் இன்னொரு முறை கேட்பார்கள்.

பழங்கதைகளைத் தூக்கி எறிய வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஏழிலைப்பாலையில் யட்சி குடியிருக்கிறாள் என்று கேரளம் முழுவதும் சொல்வார்கள். மூடநம்பிக்கையைக் குழந்தைக்கு ஏன் ஊட்டவேண்டும் என்று அறிவியல் இயக்கத்தார் கேட்பதில் வலு உண்டு. ஆனால் அந்தக் கதையைச் சற்று உற்றுப் பார்த்தால், மழை ஓய்ந்த மாதங்களில், இரவில், மூச்சை அடைக்கும் மணத்தோடு பூக்கும் ஒரு மரத்தின் நடத்தையை அது துல்லியமாகப் பதிவு செய்திருக்கிறது. கதையைச் சொல்லுங்கள், பிறகு பூக்கும் மாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு கணுவிலும் உண்மையிலேயே ஏழு இலைதானா என்று எண்ணச் சொல்லுங்கள். ஐந்தும் ஆறும் எட்டும் வரும். பெயர் பாதி உண்மை, கதை பாதி உண்மை என்று கண்டுபிடித்த குழந்தை அறிவியலுக்குள் காலெடுத்து வைத்துவிட்டது. பயத்தில் நிறுத்தினால்தான் கேடு.

பாடத்திட்டத்தில் நேரம் எங்கே என்பது ஆசிரியர்களின் உண்மையான கவலை. சூழலியல் கல்வி கட்டாயம் என்று எம்.சி. மேத்தா வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அது பெரும்பாலும் இன்னொரு தேர்வுத் தாளாகவே வந்து சேர்ந்தது. கைத்தொழிலைப் பாடத்தோடு ஒட்டிவைக்காமல் கைத்தொழில் வழியாகவே எல்லாப் பாடமும் நடக்கட்டும் என்று காந்தி 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி இந்தச் சிக்கலுக்கு அப்போதே விடை சொன்னது. பின்லாந்து அதற்கும் முன்பே, 1866-இல், நாட்டுப்புறப் பள்ளிகளில் கைவேலையைக் கட்டாயமாக்கியது. தாள் சிறகு விழும் நொடிகளை எண்ணுவது கணக்கு. யட்சிக் கதையைத் திரும்பச் சொல்வது மொழி. கூடைப் பின்னல் வடிவியல். தனிப் பாடவேளை கேட்கவில்லை. இது நடக்கக்கூடியது என்பதற்குக் கேரளமே சான்று. 2010-இல் தொடங்கிய சீசன்வாட்ச் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்து, தளிர், பூ, காய் என்று வாரந்தோறும் பார்த்துக் குறிக்கிறார்கள்; மாத்ருபூமி நாளிதழின் சீட் திட்டம் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றதால், நாட்டிலேயே அதிகப் பதிவுகள் கேரளத்திலிருந்து வருகின்றன. அதில் அதிகம் இடம்பெறுபவை மா, பலா, கொன்றை போன்ற முற்றத்து மரங்கள். பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. மலை மரங்களுக்கு அது இன்னும் ஏறவில்லை.

ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று மரக்கன்று நடுகிறோமே, அது போதாதா என்பவர்கள் இருக்கிறார்கள். கன்று நடுவது நல்லதே. தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் காட்டு, மரப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த முனைகிறது. கேரளமோ 2021-இல் கொண்டுவந்த சூழல் மீட்புக் கொள்கையில், முன்பு தானே நட்ட யூக்கலிப்டஸையும் அக்கேசியாவையும் காட்டிலிருந்து விலக்க முடிவெடுத்தது. ஒரு தலைமுறை ஊக்கத்தோடு நட்டதை அடுத்த தலைமுறை பிடுங்க வேண்டியிருக்கிறது. நடும் கைக்கு எதை நடுகிறோம் என்று தெரிந்திருந்தால் இந்தச் செலவு மிச்சம். இன்னொரு புறத்தில், காடு அழிகிறது, பூமி சூடாகிறது என்று ஐந்து வயதிலேயே அச்சுறுத்தும் பாடங்களும் வந்துவிட்டன. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் சோபெல் 1996-இலேயே இதை எச்சரித்தார்: நான்காம் வகுப்புக்கு முன் பேரழிவுகளைப் பேச வேண்டாம், முதலில் நேசிக்க விடுங்கள் என்று. நான்ஸி வெல்ஸும் கிறிஸ்டி லெக்கீஸும் 2006-இல் அமெரிக்க நகரங்களில் சுமார் 2,000 பெரியவர்களிடம் திரட்டிய தரவும் அதே திசையில் நிற்கிறது. பதினொரு வயதுக்குள் காட்டிலும் வெளியிலும் புழங்கியவர்களிடம் பின்னாளில் சூழல் அக்கறை கூடுதலாக இருந்தது. காரணமும் விளைவும் இவ்வளவு நேரானவை என்று அந்த ஒரே ஆய்வைக் கொண்டு சாதிக்க முடியாது. இருந்தாலும் அச்சத்தைவிட அறிமுகமே முந்த வேண்டும் என்பதற்கு அது போதிய ஆதரவு.

ஆசிரியர்களுக்கே இந்த மரங்கள் தெரியாதே என்பது எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு. ஆனால் தெரிந்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். பொன்முடி அடிவாரத்தில், கல்லாற்றுக்கு அருகே மொட்டமூட்டில் வாழும் காணி மூதாட்டி லட்சுமிக்குட்டிக்கு 2018-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஐந்நூறு மருந்து முறைகளை ஏட்டில் இல்லாமல் நினைவிலேயே வைத்திருப்பவர், கவிதையும் நாடகமும் எழுதுபவர், வனமுத்தச்சி என்று மக்கள் அழைப்பவர். மருத்துவச்சியாக இருந்த தாயிடமிருந்து அவருக்கு வந்த கல்வி அது. அரை நூற்றாண்டாக அறிவின் ஊற்று ஒன்று பள்ளிகளுக்கு நடந்து போகும் தொலைவில் இருந்திருக்கிறது. காணி முதியவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் பேசவைத்து, சால்வை போர்த்தி அனுப்புவது எளிது. ஆனால் அது சுரண்டலாகிவிடக்கூடும் என்று அஞ்சுவதற்கு வரலாறு இருக்கிறது. 1987-இல் அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிச் சென்ற காணி இளைஞர்கள் களைப்புத் தெரியாமல் நடக்கத் தின்ற சிறு கனிதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது; உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடு செய்தது. 1997-இல் அதற்கென ஓர் அறக்கட்டளை பதிவானது. பயன்பகிர்வுக்கு உலகமே காட்டும் முன்னுதாரணம் இது. அதேசமயம், எங்களைக் கேட்கவில்லை என்று வேறு குடியிருப்புகளின் காணி மக்கள் குறைப்பட்டதும் அதே வரலாற்றில் உண்டு.

பள்ளிக்கூடம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. மருந்து அறிவைத் தொட வேண்டாம். அது அந்தக் குடும்பங்களின் உடைமை. கூடை முடைவது, மரத்தைப் பட்டையால் அறிவது, அவர்களே குழந்தைகளுக்குச் சொல்ல விரும்பும் கதைகள் போன்றவற்றை, என்ன சொல்லலாம் என்பதை அவர்களே முடிவு செய்து, ஊதியம் பெறும் ஆசிரியர்களாக வந்து கற்பிக்கட்டும். இதற்கும் முன்மாதிரி உண்டு. 2017-இல் வயநாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் கோத்திரபந்து என்ற பெயரில் பழங்குடி இளைஞர்களே துணை ஆசிரியர்களாக அமர்த்தப்பட்டார்கள். தங்கள் மொழி தெரியாத வகுப்பறையிலிருந்து பிள்ளைகள் விலகுவதைத் தடுக்க வந்த திட்டம் அது. அதே பணியிடத்தை விதுரா, பெரிங்கம்மலைப் பக்கத்துப் பள்ளிகளிலும், இப்பக்கம் பாபநாசம், பேச்சிப்பாறைக் காணிக் குடியிருப்புகளை ஒட்டிய பள்ளிகளிலும் உண்டாக்கினால், சமவெளிக் குழந்தைக்கு மரம் தெரியவரும். காணிக் குழந்தைக்குத் தன் பாட்டியின் அறிவு வகுப்பில் மதிப்பெண்ணுக்குரிய அறிவு என்று தெரியவரும். இரண்டாவது பயன் முதலாவதைவிடப் பெரியது என்பது என் துணிபு.

கடைசியாக ஒரு சட்டக் கேள்வி. சரணாலயத்துக்குள் விதை ஒன்றைப் பொறுக்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரும். நாற்பது குழந்தைகள் பை நிறைய அள்ளினால் காட்டுக்கும் அது நல்லதல்ல. ஆகவே காட்டிலிருந்து எதையும் எடுக்காத முறையாகவே இது அமைய வேண்டும். வெள்ளைக் குங்கிலிய மரங்கள் கேரளத்தில் சில சாலையோரங்களில் நிழல் மரமாக நிற்கின்றன. கோயில் காவுகளின் விளிம்பில் நிற்கின்றன. பாலோட்டு நிறுவனத்தின் 300 ஏக்கர் வளாகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அனுமதியோடு பொறுக்கலாம். காலம்தான் கறாரானது. வெள்ளைக் குங்கிலியத்தின் கனி தென்மேற்குப் பருவமழையோடு, பள்ளி திறக்கும் நேரத்தில் உதிர்கிறது. விதை உலர்ந்தால் சில வாரங்களில் உயிர் போய்விடும், சேமித்து வைத்துப் பிறகு நடத்த முடியாது. ஜூன் முதல் வாரத்தில் பொறுக்கி, அன்றே எடை போட்டு, வரைந்து, சிறகுள்ள தாள் விதையோடு சேர்த்து மாடிப்படியில் விட்டுப் பார்த்து, மறுநாள் மண் பையில் ஊன்றினால் ஓண விடுமுறைக்குள் முளை வெளியே வந்திருக்கும்.